கேட்டைத் திறந்து போட்டது யார்?

அந்த வீட்டில் இருபத்தெட்டு நாளாக ஒரே கேள்விதான். காலையில் டீயோடு ஒரு முறை, ராத்திரி சோற்றோடு ஒரு முறை, நடுவில் டம்பர் பகதூர் செருப்பு மாட்டும்போதெல்லாம் ஒரு முறை.

"கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போனது யாரு?"

கேட்பவள் ஹிமகலா. பதில் சொல்ல வேண்டியவர் அவள் புருஷன் டம்பர். மின்சார ஆபீஸில் முப்பது வருடம் மீட்டர் பார்த்தவர். போக்ராவில் அவர் திறந்து மூடாத கேட் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் சொந்த வீட்டுக் கேட்டைச் சாத்த மறந்தார் என்றால் யார் சும்மா விடுவார்கள்?

நடந்தது இதுதான். தசைன் பண்டிகைக்குக் கலசம் வைக்கும் நாள். முளைப்பாரி போட ஓடை மணல் வேண்டும். ரேடியோவில் சொன்ன நல்ல நேரம் பதினொன்று நாற்பத்தாறு. மணியோ பதினொன்று தாண்டிவிட்டது. ஹிமகலா போட்ட விரட்டலில் டம்பர் வாளியைத் தூக்கிக்கொண்டு பிஜயபூர் ஓடைக்கு ஓடினார். கேட் திறந்தே கிடந்தது. ஜுனு வெளியே போய்விட்டாள்.

ஜுனு பத்து மாதப் பெட்டை நாய். வெள்ளை வெளேரென்று, பூனையைவிடக் கொஞ்சம் பெரியதாக, வாலைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு நடப்பாள். மகள் ஸ்மரிகா ஜப்பானுக்குப் படிக்கப் போனபோது விமான நிலையத்தில் அழுதது அம்மாவைக் கட்டிக்கொண்டு அல்ல, இவளைக் கட்டிக்கொண்டு. "அம்மா, உன்கிட்ட வேற எதுவும் கேக்கல. இவளை மட்டும் பார்த்துக்கோ." நாயே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்ற ஹிமகலா அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஜுனு தானாகவே திரும்பி வந்தாள். முதுகெல்லாம் சேறு. எங்கே போனாள், யாரோடு இருந்தாள், ஹிமகலாவுக்கு ஒன்றும் தெரியாது. முளைப்பாரி நல்ல நேரத்தில் போட்டாயிற்று. அது மஞ்சளாக, நெட்டையாக வளர்ந்தும் விட்டது. ஸ்மரிகாவிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விளக்குப் பண்டிகையில் இன்று நாய்களின் நாள். நேற்று காகங்களுக்கு, நாளை லட்சுமிக்கு, இன்று நாய்களுக்கு. காலை வெயில் முற்றத்துக்கு வருமுன்பே ஹிமகலா குளித்துவிட்டு, தயிரும் அரிசியும் குங்குமமும் பிசைந்து, நேற்று ராத்திரி கோத்த செண்டுமல்லி மாலையோடு வந்து உட்கார்ந்தாள். மாலைகள் மூன்று. ஒன்று ஜுனுவுக்கு, ஒன்று தெருநாய்க்கு. மூன்றாவது, பூ மிச்சமிருந்ததால் கோத்தது.

வழக்கமாக ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காதவள் ஜுனு. இன்றைக்கு அசையாமல் உட்கார்ந்தாள். நெற்றியில் பொட்டு வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் விக்கிரகத்துக்குப் பொட்டு வைக்கும்போது வருகிற ஒரு தயக்கம் ஹிமகலாவின் விரலுக்கு வந்தது. இத்தனை வருடம் நாயைக் கும்பிட்டிருக்கிறாள். கும்பிடுகிறோம் என்று நினைத்துக் கும்பிட்டது இன்றுதான்.

"இந்தா, சாப்பிடு" என்று எண்ணெயில் வளையமாகப் பொரித்த செல் ரொட்டியைச் சுடச்சுடப் பிய்த்துக் கொடுத்தாள். ஜுனு முகர்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு முற்றத்து ஓரமாகப் போய், வயிறு குலுங்க நுரையாக வாந்தி எடுத்தாள்.

ஹிமகலா அவளைத் தூக்கி மடியில் மல்லாத்தினாள். அடிவயிற்று முடியை விலக்கிப் பார்த்தாள். காம்புகள் சிவந்து தடித்திருந்தன. மூன்று பெற்றவளுக்கு இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

"ஏங்க" என்றாள் உள்ளே பார்த்து. "ஸ்கூட்டரை எடுங்க. கேட்டைத் திறந்து போட்ட புண்ணியம் பலிச்சிருச்சு."

* * *

கால்நடை மருத்துவமனையின் கூடத்தில் உட்கார இடமில்லை. வந்திருந்த நாய்கள் அத்தனையும் மாலையும் பொட்டுமாக இருந்தன. காலில் கட்டுப்போட்ட ஒன்று, காது புண்ணான ஒன்று, மிதமிஞ்சி இனிப்பு தின்றுவிட்டு வயிறு ஊதிக் கிடந்த இரண்டு. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல எல்லாம் அமைதியாக இருந்தன.

டாக்டர் ரோஜினாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஜுனுவைத் தடவிக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"முதல் தடவை ரத்தம் எப்ப பட்டுச்சு, அம்மா?"

"மகாளயப் பட்சத்துல. நாள் பார்த்து வந்தா பாருங்க, திதி கொடுக்கிற நேரத்துல. அன்னைக்கே தள்ளி வச்சுட்டேன்."

"தள்ளி வச்சீங்களா?"

"மாடிப்படிக்குக் கீழ சாக்கு விரிச்சுக் கட்டிப் போட்டேன். வீட்டுப் பொம்பளைங்களுக்கு உள்ள முறைதானே இவளுக்கும். பத்து நாள் வாசப்படி மிதிக்க விடல. கலசம் வைக்கிற அன்னைக்குக் காலையில பார்த்தேன், ரத்தம் நின்னுருச்சு. மாசிபத்திரி போட்டுக் குளிப்பாட்டி, தங்கம் நனைச்ச தண்ணி தெளிச்சு, தீட்டு கழிஞ்சதுன்னு அவுத்து விட்டேன். அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் பண்ணேன், டாக்டர். அதுக்கப்புறம்தான் இவர் கேட்டை..."

டாக்டர் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நமக்கு உள்ள கணக்கு வேற, இவங்களுக்கு உள்ள கணக்கு வேற. ரத்தம் பட்டா நமக்குக் காலம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இவங்களுக்கு அப்பதான் ஆரம்பம். ரத்தம் குறைஞ்சு நிக்கிற நாள் இருக்கே, அன்னைக்கிருந்துதான் கட்டிப் போடணும். நீங்க கட்ட வேண்டிய அன்னைக்கு அவுத்து விட்டிருக்கீங்க."

ஹிமகலாவின் கை ஜுனுவின் கழுத்தில், கயிறு கட்டியிருந்த இடத்துக்குப் போனது.

பத்து நாள் அந்தக் குட்டி மாடிப்படிக்குக் கீழே கிடந்து முனகியது காதில் கேட்டது. கட்டத் தேவையில்லாத பத்து நாள். அதையும் செய்துவிட்டு, சரியாக அந்தக் காலையில், தலைக்குத் தண்ணீர் ஊற்றி அலங்கரித்து அனுப்பி வைத்திருக்கிறாள். இருபத்தெட்டு நாள் புருஷனைக் குடைந்தது வேறு. ஓரக்கண்ணால் டம்பரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மனப்பாடம் செய்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்" என்றாள் டாக்டர்.

ஜுனுவை மேஜையில் படுக்க வைத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவியதும் அவள் ஹிமகலாவின் கையை நக்கினாள். டாக்டர் சின்னக் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். திரையில் மழைநாள் வானம் மாதிரி ஒரு சாம்பல் நிறம். அதில் ஒரு கறுப்புக் குழி. குழிக்குள் அவரை விதை அளவுக்கு ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா பாருங்க, நடுவுல. துடிக்குது தெரியுதா?"

தெரிந்தது. விதையின் நடுவில் கடுகளவு ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. அத்தனை வேகம். அத்தனை அவசரம். யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரையும் கேட்காமல் அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

"அது என்ன?"

"இதயம்."

டாக்டர் கருவியை நகர்த்தினாள். இன்னொரு குழி. இன்னொரு மின்னல். "இது ரெண்டு." பிறகு விலாப்பக்கம். "மூணு. இதோ, ஒளிஞ்சுக்கிட்டிருக்கு பாருங்க, நாலு."

ஹிமகலாவின் கைகள் தாமாகவே கூம்பின. அவள் மூன்று முறை சுமந்தவள். ஒரு முறையும் உள்ளே என்ன நடக்கிறதென்று அவள் பார்த்ததில்லை. அந்த மலைக் கிராமத்தில் பார்க்கிற வசதியும் இல்லை, பார்க்கலாம் என்ற நினைப்பும் இல்லை. வயிறு பெருத்தது, வலித்தது, பிள்ளை வந்தது. வந்த மூன்றில் மூத்தது தங்கவில்லை. அதற்கும் இப்படித்தான் இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் துடித்திருக்கும். தனக்குள்ளேயே இது நடந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் கழித்து ஒரு நாயின் வயிற்றில் பார்க்கக் கிடைத்தது.

"கடவுளே" என்று முணுமுணுத்தாள். கண்ணில் நீர் நின்றது. துடைக்கவும் தோன்றவில்லை.

டம்பரும் அட்டவணையை விட்டுத் திரைக்கு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குள் போனால்கூடக் கழற்றாத தொப்பி.

டாக்டர் திரையை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கஷ்டமான பேச்சு. இவளுக்குப் பத்து மாசம். மனுஷக் கணக்குல பதினாலு, பதினஞ்சு வயசு. அவளே இன்னும் வளர்ந்து முடியல. இடுப்பெலும்பு சின்னது. அப்பன் நாய் சின்ன ஜாதின்னா, பக்கத்துல இருந்து பார்த்துக்கலாம். பெரிய ஜாதியா இருந்தா குட்டி சிக்கிக்கலாம். அறுத்து எடுக்க வேண்டி வரும். நேரத்துக்கு எடுக்கலேன்னா இவ உயிருக்கே ஆபத்து."

"வேற வழி?"

"கலைக்கிற ஊசி இருக்கு. இன்னும் காலம் தப்பல. ஆனா தள்ளத் தள்ள இவளுக்குத்தான் கஷ்டம். இன்னைக்கு நாலு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் பண்டிகை முடிஞ்சுதான் திறப்போம். அப்பன் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது" என்றாள் ஹிமகலா.

"தெரியும்" என்றார் டம்பர்.

ஹிமகலா திரும்பினாள். டம்பர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"காலே" என்றார்.

காலே என்பது பக்கத்து வீட்டு நாய். கரடி மாதிரிக் கறுப்பு. மனாங் மலையிலிருந்து வந்த, மந்தை காக்கும் போட்டியா ஜாதி நாய். அது குரைத்தால் இவர்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அதைவிட முக்கியம், அது பட்டாளத்து சுபேதாரின் மனைவி சுபேதார்னி வீட்டு நாய். முற்றத்து வெயிலை மறைத்துச் சுவர் எழுப்பி, ஹிமகலா கீரை காயப்போட இடமில்லாமல் செய்த வீடு. ஆறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சுபேதார் இறந்தபோதுகூட ஹிமகலா அந்த வீட்டுப் பச்சைக் கேட் வரைக்கும் போய், தலையைக் குனிந்து நின்றுவிட்டுத் திரும்பியவள்.

"பார்த்தீங்களா? பார்த்துட்டா இத்தனை நாள் வாயில கொழுக்கட்டை வச்சிருந்தீங்க?"

"மணலோட திரும்பி வரும்போது ரெண்டும் சந்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. பிரிச்சு இழுத்துருவோம்னு ஓடினேன். சுபேதார்னி சுவர் மேல இருந்து சத்தம் போட்டாங்க. 'தொடாதீங்க, இழுத்தா உங்க பொண்ணு கிழிஞ்சு போவா, தானா விலகுற வரைக்கும் நில்லுங்க'ன்னு. அவங்களும் இறங்கி வந்தாங்க. கால் மணி நேரம் நானும் அவங்களும் நின்னோம்."

"நின்னு?"

டம்பர் தொண்டையைக் கனைத்தார். "பேசினோம்."

ஆறு வருடத்துச் சட்டத்தை மீறி அந்த வீட்டோடு பேசிவிட்ட குற்றம். அதை மறைக்கத்தான் இந்த மனிதர் கேட்டைத் திறந்து போட்ட பழியை இருபத்தெட்டு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் ரோஜினா சட்டென்று ஜுனுவின் மாலையைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று ஹிமகலாவுக்குத் தெரிந்தது.

* * *

வீடு திரும்பும் வழியெல்லாம் ஜுனு அவள் மடியில் தூங்கினாள். ஹிமகலா தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொட்டு வைத்த தெருநாய்கள், வேலியில் உட்கார்ந்திருந்த காகம், முதுகில் சுமையோடு ஏறிப்போன பெண். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தக் கடுகு வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பை அவளால் விலக்க முடியவில்லை. உலகம் அதே உலகம்தான். இன்றைக்குத்தான் அதன் சத்தம் அவளுக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

"நான் பதினாறு" என்றாள் திடீரென்று.

டம்பர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். பதினாறு வயதில் இரண்டு நாள் பிரசவ வலியோடு கிடந்தவளை மூங்கில் கூடையில் உட்கார வைத்து, முதுகில் சுமந்து, நாலு மணி நேரம் மலை இறங்கியவர் அவர்தான்.

"என்னை யாரும் கேக்கல. இவளையும் யாரும் கேக்கல. கேட்டாலும் சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டிய இடத்துல நான் நிக்கிறேன். நாலையும் பார்த்துட்டேன். பார்த்துட்டு எப்படி வேண்டாம்னு சொல்றது? வேணும்னு சொல்லி இவ போயிட்டா ஸ்மரிகா முகத்துல எப்படி முழிக்கிறது?"

"இன்னும் நேரம் இருக்கு, கிழவி" என்றார் டம்பர்.

இரண்டரை மணிக்கு ஸ்மரிகா அழைத்தாள். போன் திரையில் பகுதிநேர வேலைக்குப் போகிற உடையில் மகள். "எங்க என் ஜுனு? மாலை போட்டாச்சா? காட்டு, காட்டு."

ஹிமகலா காட்டினாள். மகள் கொஞ்சி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மாடிப்படி, சாக்கு, தீட்டு, குளியல், காலே, நாலு இதயம், நாலு மணி. சொல்லும்போது கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தப்பு என்னோடது. உங்க அப்பா மேல போட்டுக்கிட்டு இருந்தேன். நீ என்கிட்ட கேட்டது இவளை மட்டும்தான். அதையும் நான் ஒழுங்கா செய்யல."

திட்டட்டும் என்று ஹிமகலா காத்திருந்தாள்.

"அம்மா" என்றாள் ஸ்மரிகா. "நான் அங்க இல்ல. அவளைத் தினம் தொடுறது நீ. நீ என்ன சொல்ற? நீ சொல்றதுதான்."

நீ என்ன சொல்ற. இந்த ஐம்பத்தாறு வயதில் இந்தக் கேள்வி அவளை வந்து சேர்வது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை, பிள்ளைக்குக் கேட்கவில்லை, சுவர் எழுப்பும்போதும் கேட்கவில்லை. இப்போது கேட்டால், பதில் கையில் இல்லை.

"நாலு மணிக்குள்ள சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

பிறகு எழுந்தாள். பூஜைத் தட்டையும் மிச்சமிருந்த மூன்றாவது மாலையையும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். டம்பர் ஜுனுவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தார்.

பச்சைக் கேட்டுக்குப் பக்கத்தில் காலே படுத்திருந்தது. சுபேதார்னி காலையிலேயே அதற்கு மாலை போட்டிருந்தாள். ஹிமகலாவைக் கண்டதும் எழுந்தது. எழுந்தால் அவள் இடுப்பு உயரம். அவள் பயந்தாள். ஆனாலும் அதன் நெற்றியில் இருந்த பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வைத்தாள். கொண்டுவந்த மாலையையும் அதன் கழுத்தில் போட்டாள். அந்தப் பெரிய தலை குனிந்து அவள் உள்ளங்கைக்குள் மூக்கை வைத்தது. மூச்சு சூடாக இருந்தது. ஜுனுவின் வயிற்றில் துடிப்பதில் பாதி இதுதான்.

கேட் திறந்தது. சுபேதார்னி நின்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. சுவர் மறைத்ததில் அவளுக்கு வயதானதை ஹிமகலா பார்க்கவே இல்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் பேசுவது என்பதில்தான் ஆறு வருடம் ஓடியிருந்தது.

"எத்தனை?" என்றாள் சுபேதார்னி.

"நாலு" என்றாள் ஹிமகலா.

சுபேதார்னி மூச்சை விட்டாள். "எங்க பொறந்த வீட்டுல இந்த ஜாதியைத்தான் மூணு தலைமுறையா வளர்த்தோம். சின்னப் பெட்டைங்க போட்ட குட்டியையும் என் கையால எடுத்திருக்கேன். ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லியிருந்தா நானே ஊசி போடச் சொல்லியிருப்பேன். வயித்துல இடம் இருக்கேன்னு பெருசா வளர்ந்துரும், வெளிய வராது. நாலுன்னா ஒவ்வொண்ணும் சின்னதாத்தான் இருக்கும்."

"அப்ப பயமில்லையா?"

"பயமில்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பெட்டையை இந்தக் கையிலேயே சாகவும் கொடுத்திருக்கேன். முதல்ல அவ இடுப்பைத் தொட்டுப் பார்க்கணும். பார்த்துட்டுச் சொல்றேன். நான் வேண்டாம்னு சொன்னா ஊசிதான். என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

"டாக்டர் எத்தனை மணி வரைக்கும்?"

"நாலு."

சுபேதார்னி உள்ளே சுவர்க்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். மூன்றேகால். "பின்ன ஏன் நிக்கிற? கொண்டு வரச் சொல்லு."

ஹிமகலா திரும்பினாள். டம்பர் தம் வீட்டு வாசலில் ஜுனுவைத் தூக்கி வைத்துக்கொண்டு, வரட்டுமா வேண்டாமா என்று ஒரு கையால் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். பழக்கதோஷத்தில் அவர் அதைச் சாத்தத் தொடங்கினார்.

"ஏங்க" என்று ஹிமகலா குரல் கொடுத்தாள். "அவளைக் கொண்டு வாங்க. கேட் திறந்தே கிடக்கட்டும்."